மூன்றாம் வெள்ளிக்கிழமை மீன்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கடலும் பேசும், மீனும் பேசும், மனுசனுக்குத்தான் கேட்கப் பொறுமை இருக்காது. அந்தக் காலத்தில் ஒரு ராஜாவின் துறைமுகத்தில் யூதர் தெரு ஒன்று இருந்தது. அங்கே சிப்போரா என்று ஒருத்தி. அவளுக்கு ஒரே தம்பி, நத்தான். முத்துக் குளிக்கிறவன்.

அந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும். விளக்கு வெறும் விளக்கில்லை, ஓய்வுநாள் என்கிற ராணிக்கு வழி காட்டுவது. ரொட்டி வெறும் ரொட்டியில்லை, முன்னோருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்கிற உணவு. மீன் வெறும் மீனில்லை, கரை சேராத உயிர் அதற்குள் ஒளிந்திருக்கும். ஆசி சொல்லிச் சாப்பிட்டால் அந்த உயிர் மேலே போய்விடும். வேதத்தையும் சடங்கையும் அவர்கள் அப்படித்தான் வாசித்தார்கள்.

நத்தானுக்கு இதெல்லாம் கேலி. "மீனுக்கு மந்திரமா? குழம்பை ஊத்து அக்கா!" என்பான். அக்கா ஆசி சொன்னால் பதிலுக்கு ஒரு "ஆமென்" சொன்னதில்லை, தடியன். ஒருநாள் முத்துக் குளிக்க முங்கினான். முங்கினவன் வரவேயில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

மாதம் ஒன்று போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சிப்போரா துள்ளத் துடிக்க ஒரு கொடுவா மீன் வாங்கி வந்தாள். அரிவாள்மணையில் உட்கார்ந்தாளோ இல்லையோ, மீன் வாய் திறந்தது.

"அக்கா, நான்தான் நத்தான். என்னைச் சமைச்சு, ஆசி சொல்லிச் சாப்பிட்டுடு. மூணு வெள்ளிக்குள்ள சாப்பிடலேன்னா நான் எல்லாத்தையும் மறந்து மீனாவே போயிடுவேன்."

"அடப்பாவி! உன்னை நான் வெட்டுவேனா?"

அண்டாவில் கடல் தண்ணீர் நிரப்பி அவனை விட்டாள். செத்த தம்பி பேசுறான், எந்த அக்காவுக்கு மனசு வரும்? நீங்களே சொல்லுங்க.

இரண்டாம் வெள்ளி வந்தது. "அம்மா பேரு என்னடா?" என்றாள்.

"தெரியலையே, அக்கா."

அன்றும் அவளால் முடியவில்லை.

மூன்றாம் வெள்ளி வந்தது. "உன் பேரு என்னடா?"

மீன் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. "அக்கா" என்றது. வேறு வார்த்தை எதுவும் அதனிடம் மிச்சமில்லை. வெயில் வாசலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது விழுந்தால் அடுப்பு மூட்டக்கூடாது. விடிந்தால் அந்த "அக்கா"வும் இருக்காது.

சிப்போரா அரிவாள்மணையை இழுத்தாள். வெட்டினாள், கழுவினாள், குழம்பு வைத்தாள். விளக்கேற்றி, இரண்டு ரொட்டி வைத்து, தனியாக உட்கார்ந்தாள். ஆசி சொல்ல ஆரம்பித்தாள். விடாமல் கடைசிவரை சொன்னாள்.

எதிரே, அவன் எப்போதும் உட்காரும் முக்காலி காலியாகக் கிடந்தது. அங்கிருந்து குரல் வந்தது.

"ஆமென்."

தம்பியைப் பிடித்திருந்த மாயம் விட்டது. சிப்போரா அழுதுகொண்டே சாப்பிட்டாள், ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. தம்பி கரை சேர்ந்துவிட்டான். அவள் செய்த நல்லதுக்குக் கிடைத்த வரம் அவ்வளவுதான். பெரிசா சின்னதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஆசி சொல்லி முடித்து, அந்த முக்காலிக்காகக் கொஞ்சம் பொறுப்பாள். குரல் வராது. வராததுதான் நல்லது என்று தனக்கே சொல்லிக்கொண்டு ரொட்டியைப் பிய்ப்பாள்.