ஆளைக் காட்டாத ஆள்காட்டி

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். சொல்லும்போது முன்னே பின்னே ஆகிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கேட்டுவிட்டு யாராவது, "இது என்னைச் சொன்னதுதானே?" என்று வந்து நிற்பார்கள். உங்களை இல்லை. எல்லாம் ஒரு குளத்தில் நடந்தது. சொல்லிவிடுகிறேன்.

காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. கோடையில் அந்தப் பக்கத்தில் வற்றாத நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். புள்ளிமான்கள் அங்கேதான் வந்து குடிக்கும். அது சிறுத்தைக்கும் தெரியும்.

அதனால் குளத்துக்கு மூன்று பேர் காவல் இருந்தார்கள். மருத மரத்து உச்சியில் முகம் கறுத்த குரங்கு. புதர் ஓரத்தில் மயில். கரையில், தரையோடு தரையாக, ஆள்காட்டிப் பறவை. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

அவர்கள் வேலை செய்கிற முறை இதுதான். யாருக்காவது சந்தேகம் வந்தால் முதலில் மெதுவாக ஒரு அரைக் குரல் கொடுப்பார்கள். "இங்க ஏதோ அசையுது, பாருங்க." குரங்கு மேலிருந்து பார்க்கும். மயில் புதருக்குள் எட்டிப் பார்க்கும். ஆள்காட்டி பறந்து ஒரு சுற்று சுற்றி வரும். சிறுத்தைதான் என்று தெரிந்தால் மூவரும் சேர்ந்து கத்துவார்கள். மூன்று குரலும் சேர்ந்து கேட்டால்தான் மான்கள் ஓடும்.

மான்கள் மேய்வதால் கரைப்புல் கட்டையாக இருந்தது. ஆள்காட்டிக்குத் தூரம் வரை தெரிந்தது. மான்களின் காலடியில் கிளம்பும் பூச்சிகள் மயிலுக்கு. மான்களின் நடுவில் நின்றால்தான் குரங்குக்கும் பயமில்லாமல் தண்ணீர் குடிக்க முடியும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் உடும்பு வந்தது. அதை யார் மேற்பார்வைக்கு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வந்து பெரிய கல்லின்மேல் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

"இந்த மாசம் எத்தனை தடவை கத்தினீங்க?" என்று கேட்டது.

"ரெண்டு தடவைங்க ஐயா. ஒரு மான்கூடச் சாகல" என்றது மயில்.

"ரெண்டே ரெண்டா! அப்ப மிச்ச நாளெல்லாம் தூக்கமா?"

அமைதியாக இருந்த நாட்களை எப்படிக் காட்டுவது?

உடும்பு ஈரக் களிமண்ணில் மூன்று கட்டம் போட்டது. "இனிமே முதல் குரல் யார் கொடுக்கிறாங்களோ அவங்க கட்டத்துல ஒரு கோடு. மழை வர்றதுக்குள்ள யாருக்குக் கோடு அதிகமோ, அவங்களுக்குக் குளத்து நடுவுல இருக்கிற திட்டு! மான்கள் முதல் குரலுக்கே ஓடிடணும்!"

மூவரும் திட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பழம் பழுத்துக் கறுத்த நாவல் மரம் நின்றது. குரங்குக்கு எச்சில் ஊறியது. தோகை விரிக்க வெட்டவெளி இருந்தது. மயில் கழுத்தை நிமிர்த்தியது. ஆள்காட்டி எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குத்தான் திட்டு ரொம்பத் தேவைப்பட்டது. கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடு கிடையாது, வெறும் தரைதான். தினமும் மான்களின் குளம்பு பக்கத்தில் விழும்போதெல்லாம் அதற்கு உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த முட்டைகளையாவது திட்டில் இட வேண்டும் என்று நினைத்தது.

மறுநாளே மயில் அலறியது. மான்கள் ஓடின. பார்த்தால் காட்டுப்பூனை! மயிலுக்கு ஒரு கோடு.

குரங்கு கத்தியது. மான்கள் ஓடின. பார்த்தால் ஆடுகிற கொடி! குரங்குக்கு ஒரு கோடு.

ஆள்காட்டி மட்டும் சும்மா இருக்குமா? தன் நிழலைப் பார்த்தே இரண்டு தடவை கத்தியது.

ஒரே நாளில் மான்கள் பதினொரு தடவை ஓடின. ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை. சாயங்காலம் ஒரு பெண்மான் குட்டியோடு ஆள்காட்டியிடம் வந்தது.

"அக்கா, என் குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. நான் குடிச்சாத்தான் அதுக்குப் பால் ஊறும். கொஞ்ச நேரம் எங்களை நிம்மதியாக் குடிக்க விடுங்களேன்!"

"உன் நல்லதுக்குத்தானே கத்துறோம்!" என்றது ஆள்காட்டி. சொல்லும்போதே அதன் கண், மான் எங்கே கால் வைக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

மான்கள் முணுமுணுப்பது உடும்பின் காதுக்கும் போனது. "சரி. பொய்யாக் கத்தினா இருக்கிற கோட்டுல ஒண்ணை அழிச்சிடுவேன்!" என்றது.

அன்றிலிருந்து குளம் அமைதியானது. ஆனால் அது பழைய அமைதி இல்லை.

ஒருநாள் ஆள்காட்டி பழைய பழக்கத்தில் மயிலிடம் அரைக் குரலில் கேட்டது. "மயிலு, நாணல்ல ஏதோ அசையுது. கொஞ்சம் பாரேன்."

மயில் எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி தொண்டை கிழியக் கத்தியது! செந்நாய் ஒன்று நாணலிலிருந்து ஓடியது. கோடு மயிலுக்கு.

"நான் பார்த்தது! நான் சொன்னது!" என்று குதித்தது ஆள்காட்டி.

"முதல் குரல் யாரு? அதுதான் கணக்கு" என்றது உடும்பு.

அதற்குப் பிறகு ஆள்காட்டி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குரங்கும் மயிலும் பேசிக்கொண்டிருந்தால், 'என்னைப் பற்றித்தான்' என்று நினைத்தது. குரங்கு மேலிருந்து குனிந்தால், 'என் முட்டையைத்தான் பார்க்கிறது' என்று நினைத்தது. மான் பக்கத்தில் வந்தால், 'வேண்டுமென்றே மிதிக்க வருகிறது' என்று நினைத்தது. குரங்கும் மயிலும் மட்டும் என்ன? அவர்களும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டித்தான் உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் காலை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெண்மானும் குட்டியும் தண்ணீரில் இறங்கின. கூட்டம் பின்னால் நின்றது.

நாணலின் அடியில் கறுப்பாக ஏதோ ஒரு நுனி துடித்தது. ஆள்காட்டி அதைப் பார்த்தது. வாலா? காய்ந்த கதிரா? குரங்கைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் குரங்கு கத்திவிடும். தானே கத்தி, அது வெறும் கதிராக இருந்தால் ஒரு கோடு போய்விடும். ஆள்காட்டி வாயை மூடிக்கொண்டது. 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.'

மரத்து உச்சியில் குரங்குக்கு மஞ்சளாக ஏதோ தெரிந்தது. முதுகா? சருகா? 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.'

காற்றே இல்லை, ஆனாலும் ஒரு புல் வளைந்தது. மயில் அதைப் பார்த்தது. 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.'

சிறுத்தை பாய்ந்தது!

குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. அதனால்தான் தப்பியது. சிறுத்தையின் நகம் அதன் பின்தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. தாய்மான் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு கரையேறியது. மிரண்ட கூட்டம் மொத்தமும் கண்மண் தெரியாமல் கரையில் ஓடியது. கூழாங்கற்களின் மேல் ஓடியது. ஆள்காட்டி சிறகை விரித்துக்கொண்டு குறுக்கே நின்று கத்தியது. யார் கேட்டார்கள்?

சிறுத்தை ஏமாந்து காட்டுக்குள் போன பிறகு பார்த்தால், நான்கு முட்டைகளில் இரண்டு நசுங்கிக் கிடந்தன.

உடும்பு கல்லிலிருந்து இறங்கி வந்தது. "முதல் குரல் யாரு?"

"நான்தான்!" என்றது குரங்கு.

"நான்தான்! புல் வளைஞ்சப்பவே பார்த்துட்டேன்!" என்றது மயில்.

"உங்களுக்கு முன்னாடி வால் நுனியை நான் பார்த்தேன்!" என்றது ஆள்காட்டி.

அக்கரையில் பெண்மான் குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டிருந்தது. அது தலையைத் தூக்கியது.

"அப்ப மூணு பேருமே பார்த்தீங்களா? பார்த்துட்டா சும்மா இருந்தீங்க?"

பெண்மான் ஆள்காட்டியின் பக்கம் திரும்பியது.

"பேரு மட்டும் ஆள்காட்டி! ஆளைக் காட்டாம இருந்துட்டீங்களே, அக்கா!"

மான்கள் போய்விட்டன. மலை அடிவாரத்தில் ஒரு பாறைக்குழி இருந்தது. கலங்கல் தண்ணீர்தான். இருந்தாலும் அங்கே போய்விட்டன.

உடும்பு உடைந்த முட்டைகளின் பக்கத்தில் நின்று நாக்கை நீட்டி நீட்டி நக்கியது. நக்கிக்கொண்டே, "மூணு பேருமே இந்த மாசம் சரியா வேலை செய்யல" என்றது.

நாட்கள் போயின. மேய ஆளில்லாமல் புல் உயர்ந்தது. ஆள்காட்டிக்கு நான்கடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மயிலுக்குப் பூச்சி கிடைக்கவில்லை. தனியாக இறங்கப் பயந்து, குரங்கு தாகத்தோடு மரத்திலேயே கிடந்தது. ஆள்காட்டி மிச்சமிருந்த இரண்டு முட்டைகளின்மேல் உட்கார்ந்து யோசித்தது. பகலெல்லாம் உடும்பு புல்லுக்குள் எங்கேயோ சரசரத்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் ஆள்காட்டி மருத மரத்தடிக்குப் போனது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். வெள்ளைக் கல்லுக்கு இடது பக்கம், கூழாங்கல்லுக்கு நடுவுல, என் முட்டை ரெண்டு இருக்கு."

குரங்கு பல்லைக் காட்டிச் சிரித்தது. "அது எனக்கு முதல்லயே தெரியும், தங்கச்சி! மேல இருந்து பார்த்தாத் தெரியாதா? காக்கா அந்தப் பக்கம் இறங்கினப்பல்லாம் கிளையை ஆட்டி விரட்டினது யாருன்னு நினைச்சே?"

ஆள்காட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றது குரங்கு. இப்போது அது சிரிக்கவில்லை. "அந்தத் திட்டு இருக்கு பாரு. நாவல் மரத்து வேருக்கு அடியில ஒரு வளை இருக்கு. உடும்போட வளை. நீ ஜெயிச்சு அங்க போய் அடுத்த முட்டையை வச்சிருந்தா?"

"ஐயோ! தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"நாவற்பழ நினைப்புல உன்னை மறந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்தது குரங்கு.

இரண்டும் மயிலைக் கூப்பிட்டன. மயில் முதலில் நம்பவில்லை. "இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று நாலு தடவை கேட்டது. பிறகு, சாயங்காலம் உடும்பு வளைக்குள் போன நேரம் பார்த்து, மூவரும் மலை அடிவாரத்துக்குப் போனார்கள்.

பெண்மான் அவர்களைப் பார்த்ததும் பின்வாங்கியது. குட்டி இன்னும் நொண்டிக்கொண்டிருந்தது.

"இனிமே எங்களுக்குக் கோடு வேண்டாம். பழையபடி அரைக் குரல், அப்புறம் மூணு குரல்" என்றது மயில்.

"நான் எதை நம்பி வர்றது?"

ஆள்காட்டி முன்னால் வந்தது. "என் முட்டை இருக்கிற இடத்தை உனக்குக் காட்டறேன். உன் குளம்புக்குப் பயந்துதான் இத்தனை நாள் மறைச்சேன். இனி என் முட்டை உன் காலடியில. உன் குட்டி என் குரல்ல."

பெண்மான் நொண்டுகிற குட்டியைத் திரும்பிப் பார்த்தது. "ஒரு நாள் வந்து பார்க்கிறேன்" என்றது.

மறுநாள் மான்கள் வந்தன. வெள்ளைக் கல்லைச் சுற்றி வளைந்து நடந்தன. குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. ஒரு தடவை நாணல் அசைந்தது. அரைக் குரல் கேட்டது. குரங்கு பார்த்தது, மயில் பார்த்தது; அது தவளை. மான்கள் தலையைத் தூக்கவே இல்லை.

உடும்பு கல்லின்மேல் உட்கார்ந்து, "இன்னைக்கு ஒரு கோடுகூட இல்லையே!" என்று சீறியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உடும்பு எங்கே இருக்கிறது என்று மட்டும், மாற்றி மாற்றி, யாராவது ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆள்காட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கடைசியில் செய்தது அவ்வளவுதான்: மறைத்து வைத்திருந்ததைத் தானே காட்டிக்கொடுத்தது.

குடிக்க வருகிறவரின் தாகத்தை மறந்து, கூட இருப்பவரை நம்பாமல், தன் கோடுகளை மட்டும் பார்க்கிற இடத்தில் யாருடைய முட்டையும் பத்திரமாக இருக்காது.