பாட்டிலில் ஒட்டிய அம்புக்குறிகள்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு முப்பத்து நான்கு. இந்த விவகாரத்தில் முதல் சிக்கலே அதுதான்.

சிஷ்யையின் பெயர் சகாயமேரி. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. தேசிய மகளிர் கால்பந்து லீகில் ஆடும் எட்டு அணிகளில் ஒன்றான பொருநை அணிக்குக் கோல்கீப்பர். குருவின் பெயர் கோகிலவாணி, நாமக்கல் பக்கம். அதே அணியில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். ஒரு காலத்தில் மாநில அணிக்கு மேரி கோல் காத்தபோது பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தவளும் இவள்தான். அப்புறம் முட்டி போயிற்று, ஆட்டம் போயிற்று, படித்துப் பயிற்சியாளராகி வந்து நின்றாள்.

சின்னவளை 'நீ' என்பதா, கோச்சை 'நீங்க' என்பதா என்று மேரி ஒரு வாரம் தடுமாறினாள். கடைசியில் 'கோச், நீ சொல்லு' என்று பாதிக்குப் பாதி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். கோகிலா பழையபடி 'அக்கா' என்றாள், 'வாங்க, போங்க' என்றாள். இருவருக்கும் அதில் குறையில்லை.

கோல்கீப்பர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரணியில் யார் யார் பெனால்டி அடிப்பார்கள், அடித்தால் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று பழைய வீடியோக்களைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதி, தண்ணீர் பாட்டிலில் ஒட்டி, கோல் கம்பத்துக்குப் பின்னால் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். பெனால்டி என்றதும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு பார்வை. கோகிலா எழுத்து எழுதமாட்டாள். எண்ணைப் போட்டு, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடுவாள். அவ்வளவுதான்.

ஐந்தாவது ஆட்டத்தில் அந்த அம்புக்குறி சொன்ன பக்கம் மேரி பாய்ந்தாள். பந்து நேராகக் கைக்கு வந்தது. எட்டாவது ஆட்டத்திலும் அப்படியே. ஊரே கொண்டாடியது. அதோடு மேரிக்குப் பிடித்தது சனியன்.

பாட்டிலைப் பார்க்காமல் அவளால் நிற்க முடியவில்லை. பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும்போதுகூடத் துண்டை விலக்கி ஒருமுறை பார்த்துக்கொள்வாள். நடுவர் விசிலை வாயில் வைப்பதற்குள் கை தானாகத் துண்டுக்குப் போகும்.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் மாற்று வீராங்கனையாக இருபத்திரண்டாம் எண் உள்ளே வந்தாள். வந்த பத்தாவது நிமிடத்தில் அவளே பெனால்டி அடிக்க வந்து நின்றாள். மேரி பாட்டிலைப் பார்த்தாள். இருபத்திரண்டு அதில் இல்லை. கோட்டுக்கு வந்து நின்ற பிறகும் அவள் கண்ணுக்குள் அந்தச் சீட்டுதான் இருந்தது. ஏழு, ஒன்பது, பத்து, பதினேழு என்று மனது வரிசையைத் தேடிக்கொண்டிருக்க, பந்து உள்ளே போய்விட்டது. மேரி நின்ற இடத்திலிருந்து அசையவேயில்லை. படம் பிடித்தவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டான். மரம் நட்ட மாதிரி நின்றாள் என்று எல்லோரும் எழுதினார்கள்.

பதின்மூன்றாவது ஆட்டமும் தோல்வி. கடைசி ஆட்டம் கவுகாத்தியில். எதிரணி இவர்களைவிட இரண்டே புள்ளி குறைவு. டிரா செய்தால் பொருநை அணி லீகில் தங்கும். தோற்றால் கீழே இறங்கிவிடும், அந்த அணி தப்பித்துவிடும். இரண்டில் ஒன்று போகத்தான் வேண்டும்.

விமானத்துக்கு வழியில்லாத அணி. திருநெல்வேலியிலிருந்து ரயிலிலேயே போனார்கள். மற்றவர்கள் சீட்டு ஆடினார்கள், தூங்கினார்கள், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எதையாவது வாங்கித் தின்றார்கள். மேரி மேல் படுக்கையில் முடங்கி, கைபேசியும் நூறு பக்க நோட்டுமாகக் கிடந்தாள். ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். எதிரணியின் இருபத்து மூன்று பேருக்கும் பக்கம் ஒதுக்கியிருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை.

விஜயவாடா தாண்டியதும் கீழே இறங்கி வந்தாள்.

"கோச், ஒம்பது பேருக்குத்தான் வீடியோ கிடைச்சிருக்கு. மிச்சம் பதினாலு பேரு?"

"அவங்க பெனால்டி அடிச்சதே இல்லைங்கக்கா."

"அடிச்சா எந்தப் பக்கம் அடிப்பாங்க?"

கோகிலா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பருப்பை எடுத்து மேரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"விளையாடாத கோச். என்னால அணி கீழ போச்சுன்னா நான் ஊருக்குப் போவ மாட்டேன், கேட்டியா. எல்லாருக்கும் எழுதித் தா. இருபத்து மூணு பேருக்கும்."

"பாக்கலாங்கக்கா. மொதல்ல சாப்பிடுங்க."

மேரிக்கு ஆத்திரமாக வந்தது. ஊர் கூடித் திட்டப்போவது தன்னை. இவளுக்கென்ன, உட்கார்ந்து கடலை தின்கிறாள். அழுகையும் வந்தது. மேலே ஏறிப் படுத்துக்கொண்டாள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் கவுகாத்தியில் தூறல். பயிற்சி முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள். கோகிலா மேரியை மட்டும் நிறுத்தினாள். மேரியின் கையுறைகளைக் கழற்றச் சொல்லித் தான் மாட்டிக்கொண்டு, போய்க் கோலுக்குள் நின்றாள்.

"அக்கா, நீங்க அடிங்க. பத்துப் பந்து."

"உனக்க முட்டியை வெச்சுக்கிட்டா?"

"நான் விழமாட்டேன். சும்மா நிப்பேன். ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி, எந்தப் பக்கம் அடிக்கப் போறீங்கன்னு உங்க நோட்டுல ஒவ்வொரு பந்துக்கும் ஓர் அம்புக்குறி போட்டுடுங்க. எனக்குக் காட்ட வேண்டாம்."

மேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்து அம்புக்குறி போட்டு, நோட்டைத் துண்டில் சுற்றி வைத்தாள். பதினைந்து வருடத்தில் பெனால்டி புள்ளியின் இந்தப் பக்கம் அவள் நின்றதே கிடையாது. இங்கிருந்து பார்த்தால் கோல் இத்தனூண்டுதான் தெரிந்தது. நடுவில் கோகிலா கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

பத்துப் பந்தும் அடித்து முடித்தாள். ஒன்று கம்பத்துக்கு மேலே போய் ஓடையில் விழுந்தது. அதை எடுத்து வரக் கால்மணி நேரம் ஆயிற்று.

"இப்போ நோட்டைப் பாருங்க. எத்தனை பந்து நீங்க எழுதுன பக்கமே போச்சு?"

மேரி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"நாலு."

"மிச்சம் ஆறு?"

"ரெண்டாவதுக்கு நீ இருமுன. அதுல மனசு மாறிப்போச்சு. மூணாவதுக்குக் கால் வழுக்கிச்சு. நாலாவது, சரியா ஞாபகம் இல்ல. ஓடி வரும்போதே அந்தப் பக்கம் வேண்டாம்னு தோணிச்சு."

"எட்டாவது? மேல போனது?"

மேரி யோசித்தாள்.

"அதுக்கு நீ ஒண்ணுமே செய்யல. என்னையே பாத்துக்கிட்டு நின்ன. அதான் ஒரு மாதிரி பயமாப் போச்சு."

"சரி வாங்க" என்று கோகிலா கையுறைகளைக் கழற்றினாள். "பஸ்ல நம்மளைத் திட்டிட்டு இருப்பாங்க."

"அப்ப எனக்க நோட்டு?"

"வெச்சுக்கோங்க. மூணு நாள் கஷ்டப்பட்டு எழுதுனது."

அன்று சாயங்காலம் முழுக்க மேரி கட்டிலில் உட்கார்ந்து வெற்றுப் பக்கங்களைப் புரட்டினாள். பயம் கொஞ்சமும் குறையவில்லை. இப்போது கூடுதலாக ஒரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. நல்ல குரு கிடைத்தாள் போ என்று அலுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆட்டம். பாட்டிலில் வழக்கம்போலச் சீட்டு இருந்தது. ஒன்பது எண், ஒன்பது அம்புக்குறி. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். இரண்டாம் பாதி நகர்வேனா என்றது. மழையில் பந்து கனத்துக் கிடந்தது. எண்பத்தாறாவது நிமிடம், எதிரணியின் பத்தாம் எண்ணைப் பொருநைப் பெண் ஒருத்தி தடுக்கப் போய்த் தட்டிவிட்டாள், பெனால்டிக் கட்டத்துக்குள். விசில். நடுவர் புள்ளியைக் கைகாட்டினார்.

வழக்கமாக அடிப்பவள் அந்தப் பத்தாம் எண்தான். அவளுக்கு மட்டும் மேரியின் நோட்டில் இரண்டு பக்கம் இருந்தது. ஆனால் அவளைத்தான் கணுக்காலைப் பிடித்தபடி ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பந்தை எடுத்தது நான்காம் எண். அணித் தலைவி, தடுப்பாட்டக்காரி. பிறந்ததிலிருந்து பெனால்டி அடித்திராதவள்.

மேரியின் கை துண்டு வரைக்கும் போயிற்று. நான்கு அதில் இல்லை என்று அவளுக்கே தெரியும். பெஞ்சைப் பார்த்தாள். ஒரு சாடை, ஒரு விரல், ஏதாவது கிடைக்காதா. கோகிலா இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். தலைகூட அசையவில்லை.

பாவி, என்று மேரி மனசுக்குள் சொன்னாள்.

திரும்பிக் கோட்டுக்கு வந்தாள். தொடை நடுங்கியது. நான்காம் எண் பந்தைப் புள்ளியில் வைத்தாள். எடுத்துத் துடைத்தாள். திரும்ப வைத்தாள். காற்றில் பந்து கொஞ்சம் உருண்டதும் மறுபடி வைத்தாள். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று மேரிக்குப் புரிந்தது. அவளும் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள்.

மேரி ஒன்றும் செய்யவில்லை. கையை விரித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

விசில் ஒலித்தது. ஓடி வருகிறாள். விழுந்துவிடு, விழுந்துவிடு என்று உடம்பு பறந்தது. இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று மேரி நின்றாள். காலும் பந்தும் சேர்ந்த பிறகுதான் இடப்பக்கம் விழுந்தாள். பந்து வந்தது வலப்பக்கம். போயிற்று என்று நினைத்தாள். பின்னால் நீண்டு கிடந்த வலது காலின் குதிகாலில் ஏதோ பலமாக மோதியது. உருண்டு திரும்பி, சேற்றோடு சேர்த்துப் பந்தை வயிற்றுக்குள் அணைத்துக்கொண்டாள். ஆறேழு பேர் மேலே விழுந்தார்கள். யார் நம்மவள், யார் எதிராளி என்று தெரியவில்லை. நடுவர் வந்து பிரிக்கும்வரை அவள் பந்தை விடவில்லை.

ஆட்டம் டிரா. பொருநை தங்கிவிட்டது. பெண்கள் மைதானம் முழுக்க ஓடினார்கள், விழுந்தார்கள், அழுதார்கள்.

நான்காம் எண் பெனால்டி புள்ளியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை ஜெர்சிக்குள் புதைத்திருந்தாள். மேரி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவளுக்கு அசாமியம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. மேரி அவள் முதுகில் கையை வைத்தாள். அந்த முதுகும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய தோழிகள் வந்து அழைத்துப் போகும்வரை மேரி கையை எடுக்கவில்லை.

கோகிலா நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள். குனிய முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாள்.

"தப்பான பக்கம் விழுந்தேன் கோச்."

"பாத்தேங்கக்கா."

"அப்ப நான் தடுக்கல. அது தானா வந்து பட்டுச்சு."

"கால் யாருதுங்கக்கா?"

மேரிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். விரல்கள் நிற்கவில்லை.

"இன்னும் ஆடுது பாத்தியா. விசில் அடிச்சு ஆட்டம் முடிஞ்சாச்சு, இன்னும் ஆடுது. பதினஞ்சு வருஷமா நிக்கேன் கோச். நேத்து பத்துப் பந்து அடிக்க வெச்ச, ஏதோ சொல்லப் போறன்னு இருந்தேன், ஒண்ணும் சொல்லல. இன்னைக்காவது சொல்லு. இந்தப் பயம் என்னைக்குத்தான் போவும்?"

கோகிலா அந்தக் கைகளைத் தன் மடிக்கு இழுத்தாள். ஈரத்தில் இறுகிப்போயிருந்த கையுறைப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

"போற அன்னைக்குச் சொல்லுங்கக்கா. நான் கோலுக்கு வேற ஆளை நிறுத்திக்கறேன்."