நியூ போல்டரில் இருந்த குரல்

ஒரு பழைய கணினிக்குள் ஒரு குரல் குடியிருந்தது. தங்கப்பழம் என்ற பஸ் கண்டக்டரின் குரல் அது. முப்பது வருஷம் திருச்செந்தூர் வண்டியில் "உள்ள போ, உள்ள போ" என்று அதட்டிய குரல். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் தங்கப்பழம் கணினி முன் உட்கார்ந்து தன் குரலைப் பதிந்து வைத்தார்.

அப்போது மகள் சுடர்க்கொடி ஐந்து மாதக் கர்ப்பம். அந்த வீட்டு வழக்கப்படி பிள்ளையின் காதில் தாத்தாதான் முதலில் பெயரைக் கூப்பிட வேண்டும், மூன்று தடவை. ஆணோ பெண்ணோ, யார் கண்டது? ரெண்டு பெயரையும் கூப்பிட்டு வைத்தார். போல்டருக்குப் பெயர் மாற்றுகிற வித்தை மட்டும் அவருக்குக் கைவரவில்லை. அது 'நியூ போல்டர்' என்றே கிடந்தது. ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்தவர் தன் குரலுக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டவில்லை.

பெண் பிறந்தது. பெயர் வைக்கும் நாளும் வந்தது. விடிந்ததிலிருந்தே குரல் செருமிக்கொண்டிருந்தது.

"ஏன் இந்தப் பறப்பு?" என்று கேட்டது ஹார்ட் டிஸ்க். குரல் குடியிருந்த வீட்டுக்கு அதுதான் சொந்தக்காரர்.

"பேத்தி காதுல கூப்பிடப் போறேன்லா!"

"கூப்பிடு, கூப்பிடு. எனக்கு இங்க மூச்சு முட்டுது. ஒரு அறைகூடக் காலி இல்ல."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சேர்மராஜ் வந்து உட்கார்ந்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் காலில் வெந்நீர் கொட்டினதுபோல ஒரு அவசரம். கேமராவில் இருந்த பிள்ளைப் படங்களை ஏற்ற இடமில்லை. நியூ போல்டர் கண்ணில் பட்டது. பெயர் வைக்காததெல்லாம் குப்பை என்பது அவன் கட்சி. அழிப்பதைக் குப்பைத்தொட்டியில் போட்டு வைக்கும் பழக்கமும் அவனுக்குக் கிடையாது. ஷிப்டோடு டெலிட்டைச் சேர்த்து ஒரே அமுக்கு. படங்களை ஏற்றுமுன் வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனான்.

குரல் வெளியே எட்டிப் பார்த்தது. வாசலில் தொங்கிய 'நியூ போல்டர்' பலகையைக் காணோம்!

"ஐயோ, நான் செத்துட்டனா?"

"இல்ல," என்றது ஹார்ட் டிஸ்க். "பலகையைத்தான் கழற்றியிருக்கான். வேற ஆள் குடி வராத வரைக்கும் நீ இருந்த இடத்துலயே இருக்கலாம். ஆனா இந்த வீட்ல இப்போ காலின்னு சொல்லிக்க உன் அறை ஒண்ணுதான். யாரும் வந்துடக்கூடாதுன்னு வேண்டிக்க."

சற்று நேரத்தில் தங்கப்பழம் வந்து தேடினார். திரும்பத் திரும்பத் தேடினார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார்: "மாப்பிள்ளை, இதில் நியூ போல்டர் ஒன்று இருந்ததே?"

"அதை அழிச்சிட்டேன் மாமா. ஏன், அதுல என்ன இருந்துச்சு?"

தங்கப்பழம் ஒரே சொல் எழுதினார்: "நான்."

பிள்ளையோடு ஓடி வந்த சுடர்க்கொடி அலறினாள். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க! அப்பா குரல்னு இந்த உலகத்துல அது ஒண்ணுதானே இருந்துச்சு!"

சேர்மராஜ் இணையத்தில் தேடினான். அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் இரண்டு திரைக்கு வந்தன. ஒன்றின் பெயர் நிதானி. மற்றது மீட்புராசா.

நிதானி சொன்னது: "முதல்ல மெஷினை நிறுத்துங்க. என்னை இந்த டிஸ்க்குல இறக்காதீங்க. வேற மெஷின்ல இறக்கி, பென் டிரைவ்ல கொண்டு வாங்க. நாளைக்கு ஆனாலும் ஆகும்."

"நாளைக்கா? பதினோரு மணிக்குப் பேர் வைக்கணும்!" என்றான் சேர்மராஜ்.

"ஒரே சொடுக்கு, நூற்றுக்கு நூறு!" என்று மார்தட்டியது மீட்புராசா. அதன் நெற்றி நிறைய நட்சத்திரங்கள்.

"நிதானியைக் கூப்பிடு! கும்பிடுதேன், நிதானியைக் கூப்பிடு!" என்று உள்ளே இருந்து குரல் கத்தியது. முப்பது வருஷம் பஸ்ஸையே அதட்டிய குரல், கண்ணாடித் திரையைத் தாண்டவில்லை.

சேர்மராஜ் மீட்புராசாவைச் சொடுக்கினான்.

மூட்டை முடிச்சோடு மீட்புராசா உள்ளே நுழைந்தது. "எனக்கு இடம் எங்கே?" என்று கேட்டது. ஹார்ட் டிஸ்க் தன் கணக்கைப் புரட்டியது. காலி என்று ஏட்டில் இருந்தது ஓர் அறைதான்.

"யோவ், நில்லு! இங்க ஆள் இருக்கேன்!"

"தொந்தரவு பண்ணாதே. நான் தங்கப்பழம் குரலைத் தேடி வந்திருக்கேன்."

"நான்தான்யா அது!"

"பலகை இல்லாதவனோட எனக்கென்ன பேச்சு?" என்று சொல்லி, அதன் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தது மீட்புராசா. குரலுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. இப்படியும் நடக்குமா என்று நினைத்தது. அழித்தவன்கூடத் தன்னைத் தொடவில்லையே, காப்பாற்ற வந்தவனா உட்கார்ந்து நசுக்குவான்!

மணி பத்தே முக்கால். திரையில் பச்சை எழுத்து மின்னியது: "மீட்பு வெற்றி!" சுடர்க்கொடி பிள்ளையை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"பையனா இருந்தா..." என்று ஆரம்பித்தது குரல். அதே கண்டக்டர் குரல். "வெற்றிவேல், வெற்றிவேல், வெற்றிவேல்." சுடர்க்கொடி அழுதுகொண்டே சிரித்தாள்.

"பொம்பளப் பிள்ளையா இருந்தா... ஏ தங்கம், தாத்தா கூப்பிடுதேன் கேளு..."

அதற்கப்புறம் கரகரவென்று ஒரு சத்தம். எவ்வளவு நேரம் வைத்துக் கேட்டாலும் அந்தச் சத்தம்தான். பிள்ளை பயந்து வீறிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

திரையில் மீட்புராசா பணிவோடு கேட்டது: "நீங்கள் தேடியது கிடைத்ததா?"

தங்கப்பழம் பேத்தியை வாங்கி, அதன் காதருகே குனிந்து, சத்தம் வராத வாயை மூன்று தடவை திறந்து மூடினார்.