தலைக்குள் வேலையாள் வைத்திருந்த வரையாடு

ஒரு காட்டில், மேகம் தொடும் மலைச்சரிவில், வச்சிரமுடி என்றொரு வரையாட்டுக் கிடா இருந்தது. அதற்குக் கொம்பு பெரிது. கர்வம் அதைவிடப் பெரிது. யோசிக்கக் கிடைத்த தலையை அது முட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தியது.

ஒருநாள் இன்னொரு கிடாவோடு மோதியதில் மண்டைக்குள் அடிபட்டது. பின்னங்கால் இழுத்துக்கொண்டது. பயந்துபோன வச்சிரமுடி, சுடலையன் என்ற கிழப் பிணந்தின்னிக் கழுகிடம் நொண்டிக்கொண்டே போனது. செத்த விலங்குகளின் மண்டைகளைத் திறந்து பார்த்தே வைத்தியம் கற்ற கழுகு அது.

"ஐயா, என் கால் போய்விட்டதா?"

"கால் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு மூளையில். அங்கே நரம்புகளுக்குத் துணையாக இளஞ்செல்கள் உண்டு. அடிபட்டதும் அவை பெருகிக் காயத்துக்கு ஓடிவரும். முதலில் காயத்தைச் சுற்றி வேலி போடும். பிறகு அவற்றில் பல முதிர்ந்து, உறை கிழிந்த நரம்பிழைகளுக்குப் புது உறை சுற்றும். அப்போதுதான் மூளையின் கட்டளை ஒழுங்காகக் காலுக்குப் போய்ச் சேரும். அதுவரை முட்டாதே."

"முட்டினால்?"

"ஒவ்வொரு புது அடிக்கும் வேலி போட்டே அவை ஓய்ந்துவிடும். வேலி தடித்து நரம்புக்கே தடையாகும். உறை சுற்ற ஆளிருக்காது. கேட்காவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை."

மழைக்காலம் முழுக்க வச்சிரமுடி அடங்கிக் கிடந்தது. கால் சரியானது. அன்றோடு அடக்கமும் போனது.

"என் தலைக்குள் வேலையாட்கள் இருக்கிறார்கள்! எத்தனை முறை உடைந்தாலும் ஒட்டிவிடுவார்கள்!" என்று மந்தையெங்கும் பீற்றிக்கொண்டது. கிடா அகப்படாத நாளில் மரத்தை முட்டியது. மரம் சலித்ததும் பாறையை முட்டியது. பாறை பதில் பேசாததால் தானே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டது.

கால் மறுபடி இழுத்தது.

"கொஞ்ச நாள் சும்மா இருங்களேன் மாமா," என்றது செவலி என்ற பெட்டை ஆடு.

"உள்ளே வேலை நடக்கிறது. உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, வச்சிரமுடி மறுபடியும் பாறையிடம் போனது.

ஒரு காலையில் சிறுத்தை வந்தது. மந்தை மளமளவென்று செங்குத்துப் பாறையில் ஏறியது. பால்குடி மறக்காத குட்டிகூட ஏறிவிட்டது. வச்சிரமுடியும் தாவ நினைத்தது. நினைப்பு மூளையிலேயே நின்றது; கால்வரை வரவில்லை.

"ஒட்டுங்கள்! சீக்கிரம் ஒட்டுங்கள்!" என்று அது தன் தலைக்குள் இருப்பவர்களைப் பார்த்துக் கத்தியது.

சிறுத்தை சாவகாசமாக நடந்து வந்தது.

நீதி: ஆறிவிடும் என்ற தைரியத்தில் காயத்தைத் தேடிப் போகிறவனை எந்த மருந்தும் காப்பாற்றாது.