இரண்டு முறை உள்ளே வந்தவர்

தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தின் மாடியில் மீன் பெயர் அகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். குரு இசக்கியம்மாளுக்கு வயது முப்பத்துமூன்று. சீடர் கஸ்பாருக்கு ஐம்பத்தேழு.

கஸ்பார் இருபத்தாறு வருஷம் மீன் ஏலம் விட்டவர். கடற்கரையில் அவருக்குத் தெரியாத மீன் இல்லை. கணினி தெரியாது. அதை நான்கு மாதமாக இசக்கியம்மாளிடம் படித்துவந்தார்.

அகராதியில் ஓர் எழுத்துக்கு ஒரு கோப்பு. கட்டளை தட்டும் கருப்புத் திரையில் எடிட்டர் என்ற எழுதும் மென்பொருளின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டினால், எடிட்டர் எழுந்துவரும். மீன் பட்டியல் முழுவதையும் படித்துவிட்டுத்தான் வரும் என்பதால் இருபத்துமூன்று விநாடி ஆகும். கஸ்பார் அதை எண்ணி வைத்திருந்தார். திருத்தம் முடிந்தால் சேமித்து, அந்த ஜன்னலை மூடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த கோப்புக்கு மறுபடி தட்டுவார். இன்னோர் எடிட்டர் எழுந்துவரும்.

அன்று மத்தியானம் ஒன்றேகாலுக்குக் கஸ்பார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், போச்சு."

"என்ன போச்சு அண்ணாச்சி?"

"ச போச்சு. நேத்து போட்ட திருத்தம் நாப்பத்தொண்ணு. இப்ப திறந்து பாக்கேன், ஒண்ணுகூட இல்ல."

அந்த நாற்பத்தொன்றும் மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் உள்ள மீனவர்களிடம் போனில் கேட்டுக் கேட்டு நேராகத் தட்டியவை. காகிதத்தில் எழுதவில்லை. சொன்னவர்கள் விடியலில் கடலுக்குப் போய்விட்டார்கள். மூன்று மணிக்கு ச பகுதி அச்சுக்கு இறங்க வேண்டும். நீங்கள் சொன்ன பெயர் உங்கள் ஊர் வழக்கிலேயே வரும் என்று கஸ்பார் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"மெஷினை அணைச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கேன். ஞாபகத்துல உள்ளதையாவது போடுதேன்" என்று சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க. காலையில ச-வில ஏதாவது செஞ்சீங்களா?"

"ஒரே ஒரு திருத்தம். சீலாவுக்கு. சென்னையில அதை வஞ்சிரம்னு சொல்லுவாங்கல்லா, அதைச் சேத்தேன். முந்தாநாள் திறந்த ஜன்னல் ஒண்ணு கெடந்துச்சு, அதுலயே போட்டுச் சேமிச்சேன்."

"எடிட்டர் எதுவும் கேட்டுச்சா?"

"என்னமோ கேட்டுச்சு. ஆமான்னு சொன்னேன்."

"என்ன கேட்டுச்சு?"

"படிக்கல டீச்சர். அது எப்பவும் எதாவது கேக்கும். நானும் ஆமான்னுருவேன். கேக்குறவங்ககிட்ட இல்லன்னு சொல்லிப் பழக்கமில்ல."

இசக்கியம்மாள் எழுந்தார். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கஸ்பார் காத்திருந்தார். வழக்கப்படி மனசுக்குள் எண்ணினார். இருபத்துமூன்றில் கதவு திறந்தது.

"வணக்கம். என் பேர் இசக்கியம்மாள். உங்களுக்கு என்ன வேணும்?"

"விளையாடாதீங்க டீச்சர். நேரம் போகுது."

"என்ன வேணும், சொல்லுங்க."

கஸ்பார் மறுபடி சொன்னார். ச, நாற்பத்தொன்று, மணப்பாடு, பெரியதாழை, மூன்று மணி. எதையும் விடவில்லை. இசக்கியம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுபடி வெளியே போனார். கதவைச் சாத்தினார்.

கீழேயிருந்து அச்சகக்காரர் தவசி குரல் கொடுத்தார். "மேல என்ன, ரெண்டு பேரும் கதவுக்கு எண்ணெய் போடுறீங்களா?"

"வந்துட்டே இருக்கு தவசி!" என்றார் கஸ்பார். எது வந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

இருபத்துமூன்று. கதவு திறந்தது.

"வணக்கம். என் பேர் இசக்கியம்மாள். உங்களுக்கு என்ன வேணும்?"

கஸ்பாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏலக்குரல் எழும்பியது. "எத்தனை தடவை சொல்ல? எல்லாம் சொல்லியாச்சே!"

"என்கிட்டயா? நான் இப்பத்தானே வாறேன்."

"இப்ப வந்த டீச்சர்கிட்ட இல்ல, முன்ன வந்த டீச்சர்கிட்ட!"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவங்க எங்கே?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

கஸ்பார் மெல்லத் திரையைப் பார்த்தார். அடிவரிசையில் சின்னச் சின்னப் படங்களாக எடிட்டர்கள் ஒதுங்கி நின்றன. எண்ணினார். பதினான்கு.

"எங்கயும் போகல" என்றார். "நேத்து நான் சொன்னதைக் கேட்ட ஆளு உள்ளதான் உக்காந்திருக்கு."

"அப்ப நான் இனி வெளியே போக வேண்டாம். வெயில் கொளுத்துது" என்று இசக்கியம்மாள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

கஸ்பார் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். முதலாவதில் வ. இரண்டாவதில் க. மூன்றாவதில் ச, ஆனால் அது காலையில் சீலாவைத் திருத்திய ஜன்னல். நான்காவதிலும் க இருந்ததைப் பார்த்து, "ரெண்டு க-வா!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பதினோராவதில் ச. சங்கராவுக்குப் பக்கத்தில் பெரியதாழைக்காரர்கள் சொன்ன பெயர் இருந்தது. சாளைக்கு இருந்தது. சூரைக்கு இருந்தது. விரல் வைத்து எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு!"

அவர் கத்திய கத்தலில் தவசி மாடிப்படி பாதிவரை ஓடிவந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கஸ்பார் எடிட்டரைச் சேமிக்கச் சொன்னார். எடிட்டர் கேட்டது. கஸ்பார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை வாய்விட்டுப் படித்தார்: நீங்கள் திறந்த பிறகு இந்தக் கோப்பு வேறு இடத்தில் மாறியிருக்கிறது. இருந்தாலும் இதன் மேலேயே எழுதவா?

"காலையிலயும் இதைத்தான் கேட்டிருக்கு. பாவம், நல்லாத்தான் கேட்டிருக்கு. நாந்தான் பழசை நேத்து போட்டதுக்கு மேலயே எழுத விட்டுட்டேன்" என்றார். வேண்டாம் என்று சொன்னார். நான்கு மாதத்தில் அவர் சொன்ன முதல் வேண்டாம் அது. சீலாவின் திருத்தத்தை இந்த ஜன்னலிலும் சேர்த்தார். நாற்பத்திரண்டு. மறுபடி சேமித்தார், அது மறுபடி கேட்டது, இப்போது ஆமாம் என்றார்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ச கீழே இறங்கியது.

பிறகு பதின்மூன்று எடிட்டர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மூடினார்கள். மிச்சம் ஒன்று.

"கூப்பிட்டா கேக்க இதுக்குக் காது வைக்கணும்" என்று இசக்கியம்மாள் எடிட்டரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தார். "இனிமே கருப்புத் திரையில எடிட்டரோட பேரைத் தட்டாதீங்க. அது புது ஆளை எழுப்பும். இந்த இன்னொரு கட்டளையைத் தட்டுங்க. இது உள்ள இருக்கிற ஆளைக் கூப்பிடும்."

கஸ்பார் புதுக் கட்டளையையும் ம என்ற கோப்பின் பெயரையும் தட்டினார். எண்ண ஆரம்பித்தார். ஒன்று என்று சொல்வதற்குள் இருந்த எடிட்டரிலேயே ம வந்து நின்றது.

"ஏயப்பா!"

வேறொரு கருப்புத் திரையைத் திறந்து ப தட்டினார், வந்தது. வேண்டுமென்றே மூன்றாவது திரை ஒன்றில் ம-வை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். எடிட்டர் இரண்டாவது ம எதையும் திறக்கவில்லை. முன்பு விட்ட அதே வரியில் கொண்டுபோய் நிறுத்தியது.

"ஏற்கெனவே இங்கதான்வே இருக்குன்னு சொல்லுது" என்று கஸ்பார் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "டீச்சர், முதல்ல தட்டின கருப்புத் திரை செத்துப்போச்சு. எதைத் தட்டினாலும் அசைய மாட்டேங்குது."

"சாகல. காத்திட்டிருக்கு."

"எதுக்கு?"

"அது ஒரு கோப்பை உங்க கையில குடுத்துச்சு. முடிச்சாச்சுன்னு நீங்க சொல்லணும்ல?"

கஸ்பார் எடிட்டரிடம் ம முடிந்தாயிற்று என்று சொன்னார். அந்தக் கருப்புத் திரை உடனே அடுத்த வரிக்கு வந்தது. அவர் அதைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார், கூலியாள் சுமையை இறக்கிவிட்டுப் போகும்போது ஆட்டுவதைப் போல.

நான்கரை மணிக்குள் ஐந்து கோப்புகள் ஒரே எடிட்டரில் திறந்திருந்தன. கஸ்பார் வேலையை நிறுத்திவிட்டு மோவாயைத் தடவினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"எல்லாத்தையும் ஒருத்தன் தலையில வச்சாச்சு. இது ஒண்ணு விழுந்தா அஞ்சும் விழுந்துருமே. பதினாலா இருந்தப்ப எனக்கு அந்தப் பயம் இல்லையே?"

இசக்கியம்மாள் அச்சுத்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"பதினாலுல ஒண்ணு விழுந்திருந்தா, எது விழுந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

கஸ்பார் திரைப் பக்கம் திரும்பி, ஐந்து கோப்புகளையும் ஒவ்வொன்றாகச் சேமித்தார்.