பச்சை விளக்கும் பக்கத்து இலையும்

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அன்று காலை வேன் கொட்டகையிலிருந்து அவர் வந்த வேகத்தைப் பார்த்து, ஆசிரமத்து முற்றத்தில் மேய்ந்த கோழிகள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

குரு தவமணி அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். வயதில் நாச்சிமுத்துவுக்கு மகள் மாதிரி. ஆனாலும் காலமெல்லாம் லாரி ஓட்டிய அந்த மனுஷன், அம்மா முன்னால் வந்தால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

"அம்மா, அந்த சார்ஜரைத் தூக்கி எறியணுங்க."

"ஏன் அண்ணே?"

"ஏனுங்களா? அது பண்ணின துரோகம் உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாமல் என்ன? மலையே பேசியது. மலைமேல் குழந்தைகளுக்குப் போட ஆசிரமத்து வேனில் தடுப்பூசி மருந்து போகும். நர்ஸ் ஸ்டெல்லா கூடப் போவாள். வேனில் இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினைக் கிளப்ப, இன்னொன்று மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு. கிளம்பும் முன் இரண்டையும் கொட்டகையில் கரண்ட்டில் போட்டு ஏற்றிவிடுவது நாச்சிமுத்துவின் வேலை. போன தடவை இன்ஜின் சிங்கம் மாதிரி கிளம்பியது. ஃப்ரிட்ஜ் பாதி மலையிலேயே செத்துப்போனது. மருந்து சூடாகி வீணாய்ப் போயிற்று.

வண்டி போகாத மேல்குழிக் கிராமத்திலிருந்து சடைச்சி என்றொரு பெண், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுவழியாக வேன் நின்ற இடத்துக்கு இறங்கி வந்திருந்தாள். மருந்து இல்லை என்றதும் அவள் திட்டவில்லை, அழவுமில்லை. "இதுக்காங்க வரச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். திட்டியிருந்தாலாவது நாச்சிமுத்து அன்று இரண்டு வாய் சோறு தின்றிருப்பார்.

"இந்த வெள்ளிக்கிழமை மறுபடி போறோம். இந்தத் தடவை மருந்து கெட்டுச்சுன்னா நான் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேனுங்க. கடையில இருக்கறதுலயே பெரிய சார்ஜரா வாங்கிப்போடறேன். காஜா பாய்கிட்ட சொல்லிட்டேன்."

"பழைய சார்ஜர் என்ன தப்பு பண்ணுச்சு?"

"பொய் சொல்லுச்சுங்க. ரெண்டு பேட்டரியையும் ஒயர் போட்டுச் சேர்த்து, ஒண்ணா மாட்டினேன். லாரியில அப்படித்தானுங்க. ரெண்டும் ஜோடி, ஒரே வண்டியில பூட்டின மாடு. பச்சை விளக்கு எரிஞ்சுது. ஏறிடுச்சுன்னு கழட்டினேன். பார்த்தா ஃப்ரிட்ஜு பேட்டரி காலி!"

அம்மா கறிவேப்பிலையைத் தட்டில் கொட்டினார்.

"வாங்கலாம். அதுக்கு முன்னாடி இன்னிக்குப் பந்தி நீங்க பரிமாறுங்க அண்ணே."

நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் ஒன்று கேட்டால் இந்த அம்மா ஒன்று சொல்லுமே என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்கினார்.

மத்தியானப் பந்தியில் மாரப்பனும் பழனிக்கிழவரும் பக்கத்துப் பக்கத்து இலை. மாரப்பன் கல் குவாரிக்காரன். சோற்றை மெல்ல மாட்டான், அப்படியே உள்ளே தள்ளுவான். கிழவருக்கு மேலேயும் கீழேயும் பல் கிடையாது. ஒவ்வொரு பருக்கையாகப் பிசைந்து, கூழாக்கி, அதற்கப்புறம்தான் வாய்க்குப் போகும்.

"கரண்டி சின்னதா இருக்கே. அண்டா கரண்டியை எடுங்க" என்றார் அம்மா.

எடுத்தார். மாரப்பன் இலையில் ஒரு கரண்டி ரசம் விட்டார். அவன் அணைகட்டி உறிஞ்சி முடித்துவிட்டான். கிழவர் இலையில் ஒரு கரண்டி விட்டதும் ரசம் நாலாபக்கமும் ஓடி, கிழவரின் வேட்டியில் ஏறியது.

"அட கிரகமே! நான் சாப்பிட வந்தேனா, குளிக்க வந்தேனா?" என்று கத்தினார் கிழவர்.

"கோவிச்சுக்காதீங்கய்யா" என்று நாச்சிமுத்து துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, மாரப்பன் ஏப்பம் விட்டு இலையை மூடினான்.

"இலையெல்லாம் எடுத்துடுங்க அண்ணே" என்றார் அம்மா.

நாச்சிமுத்து மாரப்பன் இலையை எடுத்தார்.

"அந்த இலையையும்."

"இவர் இன்னும் சாப்பிடறாரும்மா."

"பக்கத்து இலை மூடியாச்சே."

"மூடினா? அது மாரப்பன் வயிறு. இவர் இப்பத்தான் ரசத்துக்கே வந்திருக்காரு!"

"ஒரே பந்திதானே அண்ணே?"

நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையில் அண்டா கரண்டி. எதிரில் பாதி தின்ற இலை, பயந்து அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்ட கிழவர். காதில் இருந்த சிவப்பு கன்னத்துக்கு இறங்கியது.

கரண்டியைக் கீழே வைத்தார். சின்னக் கரண்டியை எடுத்து, கிழவர் போதும் போதும் என்கிறவரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கிழவர் இலையை மூடியதும் நேரே காஜா பாய் கடைக்குப் போனார்.

பாய் பெரிய சார்ஜரை எடுத்துத் துடைத்தே வைத்திருந்தார்.

"இது வேண்டாம் பாய். ஒரே சார்ஜரா இருந்தாலும் ரெண்டு பேட்டரிக்கும் தனித்தனியா வழி இருக்கணும். ஒண்ணு ரொம்பிடுச்சுன்னு இன்னொண்ணை விட்டுடக்கூடாது."

"நேத்து பெருசு பெருசுன்னு குதிச்சீங்க?"

"நேத்து நான் ஒரு மடையன். இருக்கா இல்லையா?"

"இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி பேட்டரியா?"

"இன்ஜினுக்கு இருக்கறது தண்ணி ஊத்தறது. ஃப்ரிட்ஜுக்கு மூடி போட்டது, தண்ணி வேண்டாதது."

"அதானே பார்த்தேன். அது பசி வேற, இது பசி வேற. ரெண்டையும் சேர்த்துக் கட்டினா எப்படி?" பாய் உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியைக் கொண்டு வந்தார். "இதுல ஒவ்வொண்ணுக்கும் அதது அளவு வெச்சுக்கலாம். விளக்கும் தனித்தனி. ஆனா அண்ணே, பொறுமையாத்தான் ஏத்தும்."

"ஏத்தட்டும். நான் எங்கே போயிடப் போறேன்!"

மாட்டிவிட்டுக் கொட்டகையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்ஜின் பேட்டரிக்குச் சீக்கிரமே பச்சை எரிந்தது. மற்றது சிவப்பிலேயே நின்றது. வழியோடு போனவர்கள் எல்லாம், "என்ன நாச்சிமுத்து, பேட்டரிக்குத் தாலாட்டா?" என்று கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. அதுவும் பச்சைக்கு வந்த பிறகுதான் எழுந்தார்.

வெள்ளிக்கிழமை வேன் மலையேறியது. இந்தத் தடவை அம்மாவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வளைவுக்கு வளைவு நாச்சிமுத்து காதைப் பின்னால் வைத்துக்கொண்டே ஓட்டினார். ஃப்ரிட்ஜ் நிற்காமல் முனகிக்கொண்டே வந்தது. அந்த முனகலைப் போல ஒரு நல்ல சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

மேலே ஆலமரத்தடியில் குழந்தைகள் வரிசையாக வீல் வீலென்று அலற, தாய்மார்கள் தட்டிக்கொடுக்க, ஸ்டெல்லா ஒவ்வொருவருக்காக ஊசி போட்டு முடித்தாள். மருந்து கடைசிவரை ஜில்லென்று இருந்தது. நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் கண் அடிக்கடி காட்டுவழிப் பக்கம் போய்வந்தது. மேல்குழியிலிருந்து யாரும் இறங்கவில்லை.

"சடைச்சி வரலீங்களா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"அவ எங்க வருவா? போன தடவை வெறுங்கையோட அனுப்பினீங்களே. வேன் வந்திருக்குன்னு போய்ச் சொன்னோம். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா."

நாச்சிமுத்து மேலே பார்த்தார். செங்குத்தான ஏற்றம். வண்டி போகாது. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அப்புறம் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"வந்த குழந்தைக்கெல்லாம் போட்டாச்சுங்கம்மா. ஒண்ணுகூட விடலை. கிளம்பிடலாங்களா?"

அம்மா வரிசை கலைந்து போய்க்கொண்டிருந்த தாய்மார்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"பச்சை விளக்கு எரிஞ்சிடுச்சாண்ணே?"

நாச்சிமுத்து மறுபடி காட்டுவழியை ஒருதரம் பார்த்தார். வேனின் பின்கதவைத் திறந்து, ஃப்ரிட்ஜில் மீதியிருந்த மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஸ்டெல்லா செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.