மூக்கில்லாத மொண்ணை ராசா

செந்தேரி நாட்டு அரசர் சேனைமாறனுக்குத் தம் முகத்தின் மேல் தீராத காதல். கடற்கரை மணல்மேட்டின் உச்சியில் தமக்கே ஒரு பெரிய கற்சிலை வைத்துக்கொண்டார். வைத்ததோடு சரி. அப்புறம் அந்தப் பக்கம் போகவேயில்லை. அவருக்கு வெயில் ஆகாது.

பன்னிரண்டு வருஷமாக ஆடிக்காற்று அந்த முகத்தில் மணலை வாரி அடித்தது. உப்பு கல்லை அரித்தது. மூக்கு மழுங்கி, கடைசியில் காணாமலே போயிற்று. மீனவர்கள் சிலைக்கு ‘மொண்ணை ராசா’ என்று பெயர் வைத்து, தோளில் வலையைக் காயப்போட்டார்கள்.

சேதி கேட்ட அரசர் கொதித்துப் போனார். சிலை செய்த சிற்பி ஆவுடையை இழுத்து வரச் சொன்னார். உறுதியாக மூக்கு செய்யத் தெரியாதவனுக்கு மூக்கு எதற்கு, அறுத்துவிடுங்கள் என்றார். எல்லாம் காற்றும் மணலும் செய்த வேலை என்று ஆவுடை அழுதார். காற்று கல்லைத் தின்னுமா என்று அரசர் கேட்க, தின்னாது என்று சபையே தலையாட்டியது.

அவைப்புலவர் பிச்சாண்டி மட்டும் ஆட்டவில்லை. கழுத்து சுளுக்கு என்றார். பிறகு, அரசர் நேரில் பார்த்துவிட்டுத் தண்டித்தால் ஊர் புகழும் என்றார். ‘புகழும்’ என்றதும் அரசர் கிளம்பிவிட்டார்.

அது ஆடி மாதம். இரண்டு முகத்தையும் ஒப்பிட வசதியாகச் சிலைக்குப் பக்கத்தில், அது பார்க்கும் திசையையே பார்த்தபடி ஒரு நாழிகை நிற்கும்படி பிச்சாண்டி வேண்டிக்கொண்டார். அரசர் கம்பீரமாக நின்றார். காற்று முதலில் குடையைப் பிடுங்கியது. பிறகு மணல் ஊசியாகக் குத்தியது. வாயைத் திறந்தால் வாய் நிறைய மணல். அரை நாழிகைகூட ஆகவில்லை, அரசர் மேட்டிலிருந்து இறங்கி ஓடினார். மூக்குத் தோல் உரிந்து மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

காற்று தின்னத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வீம்பு போகவில்லை. “இருந்தாலும், மூக்கு தேய்ந்தால் அதைச் செய்தவர் குற்றம்தான்.”

ஆவுடை தம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிச்சாண்டி பணிவாகச் சொன்னார்: “நல்ல தீர்ப்பு, அரசே. கல்மூக்கு பன்னிரண்டு வருஷம் தாங்கியது. தங்கள் மூக்கு அரை நாழிகை தாங்கவில்லை. தங்கள் தாயாரைப் பிடித்து வர ஆள் அனுப்பட்டுமா?”

அரசர் அரண்மனைப் பக்கம் ஒருமுறை பயந்து பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்ததும் மூக்கு எரிந்தது, நிறுத்திக்கொண்டார். பிச்சாண்டிக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தி, ஆவுடையை விடுவித்தார்.

புது மூக்கு வைத்துத் தரட்டுமா என்று ஆவுடை கேட்டார்.

“முதலில் சிலையைத் திருப்பி வை” என்றார் அரசர். “காற்றுக்குப் புறமுதுகு காட்டினால் வரலாற்றில் யாரும் கோழை என்று எழுத மாட்டார்கள்.”